எழுத்தறிவித்த கதாசிரியர்

1994ஆம் ஆண்டு தொடங்கி, ஞாயிறுதோறும் காலை வேளையில் தூர்தர்சனில் ஒளிபரப்பான ‘சந்திரகாந்தா’ தொடரை நம் குடியிருப்பில் அறியாதார் இலர். இந்தி நன்கு தெரியாத பாட்டிமார்களும் அடுப்பைத் தணித்துவிட்டு வந்து அமர்ந்து பார்த்த கதை அது. ஆனால் அக்கதையை எழுதியவர் யார், அது எத்தகைய காரியத்தைச் செய்தது என்பதை நம்முள் பலர் அறியோம். எழுதுவதும் இதழ் நடத்துவதும் நூல் அச்சிட்டு விற்பதும் ஒருங்கே செய்த காசி நகரத்துத் தேவகீநந்தன் கத்ரியின் வாழ்க்கை, தாயகம் விட்டு வந்து வாழும் நமக்கு ஒரு நல்ல பாடம்.

அவரும் நம்மைப் போலக் குடிபெயர்ந்த மரபினரே. அவருடைய முன்னோர் பஞ்சாபைச் சேர்ந்தவர்கள். பின்னர் அக்குடும்பம் காசியில் நிலைகொண்டது. பீகாரில் தாயின் பிறந்தகத்தில் 1861ஆம் ஆண்டு ஜூன் மாதம் அவர் பிறந்தார். இளமையில் உருதுவும் பாரசீகமும் பயின்றார். காசிக்கு வந்த பின்னரே இந்தியும் வடமொழியும் கற்றார். காசி மன்னரிடமிருந்து சக்கியா, நௌகட் காடுகளைக் குத்தகைக்கு எடுத்து வாணிகம் செய்தார். விந்தியச் சாரலில் பாழடைந்த கோட்டைகளையும் குகைகளையும் சுற்றித் திரிந்தார். நாளடைவில் அக்குத்தகை முடிந்தது. காடு கைவிட்டுப் போயிற்று. ஆனால் கண்ட காட்சிகள் நெஞ்சை விட்டுப் போகவில்லை. அவையே பின்னர் அவருக்கு முதலாயின.

1888ஆம் ஆண்டில் ‘சந்திரகாந்தா’ வெளிவரத் தொடங்கியது. நௌகட்டின் இளவரசன் வீரேந்திர சிங்கும் விஜயகட்டின் இளவரசி சந்திரகாந்தாவும் கொண்ட காதல், அதற்கு இடையூறு செய்யும் குரூர் சிங், சுனார் கோட்டையை ஆளும் சிவதத்தன் என்று கதை விரிகிறது. எனினும் வாசகரை ஆட்கொண்டவர்கள் ‘ஐயார்’ எனப்படும் ஒற்றர்களே. நொடியில் மாறுவேடம் பூணுவர். மயக்க மருந்து தூவுவர். மயங்கியவரை லக்லகா என்னும் வாசனை மருந்தால் தெளிவிப்பர். ‘திலிஸ்ம்’ என்னும் மாயக் கட்டடங்களில் கதவுக்குள் கதவும் சுரங்கத்துக்குள் சுரங்கமும் உண்டு.

ஐயாரும் திலிஸ்மும் அவர் புதிதாகப் படைத்தவை அல்ல. பாரசீகத்திலிருந்து உருதுவுக்கு வந்த அமீர் ஹம்சாக் கதை மரபில் அவை முன்னரே உண்டு. அம்மரபில் வந்த ‘திலிஸ்ம்-ஏ-ஹோஷ்ருபா’வை லட்சுமணபுரி நவல் கிஷோர் அச்சகம் 1883 முதல் வெளியிட்டு வந்தது. அங்கே சூனியமும் பூதங்களும் செய்த வேலையைக் கத்ரி பெரும்பாலும் பொறிகளுக்கும் மருந்துகளுக்கும் மனிதனின் மதிநுட்பத்துக்கும் கொடுத்தார். புதுமை அதில் இருந்தது.

அக்காலத்து மொழி நிலையை இங்கே நினைவு கூர வேண்டும். அப்பகுதியின் நீதிமன்றங்களில் பாரசீக எழுத்தில் எழுதிய உருதுவே வழங்கிற்று. நாகரி எழுத்துக்கும் அங்கே இடம் உண்டு என்று அரசு ஆணையிட்டது 1900ஆம் ஆண்டிலேதான். ஆகவே கற்றோரில் பலர் உருது படிப்பர், நாகரி அறியார். ஆனால் தெருவிலும் வீட்டிலும் அவர்கள் பேசிய பேச்சு கத்ரி எழுதிய பேச்சுக்கு அயலானது அன்று. அவர் கடினமான வடசொற்களைத் தேடாமல், மக்கள் வழங்கிய எளிய நடையில் எழுதினார். வாசகருக்கும் கதைக்கும் இடையே நின்ற மதில், எழுத்து ஒன்றே. கதையின் சுவை அந்த மதிலைத் தாண்டச் செய்தது. ‘சந்திரகாந்தா’வைப் படிப்பதற்காகவே பலர் நாகரி எழுத்தைக் கற்றனர்.

பின்னர் ‘சந்திரகாந்தா சந்ததி’ 24 பகுதிகளாக வளர்ந்தது. 1898இல் காசியில் லஹரி அச்சகத்தை நிறுவி, தம் நூல்களைத் தாமே அச்சிட்டு விற்றார். 1900இல் ‘சுதர்சன்’ என்னும் மாத இதழைத் தொடங்கினார். மாயக்கதை ஒன்றோடு அவர் நின்றவரும் அல்லர். ‘நரேந்திர மோகினி’, ‘குசும குமாரி’, குற்றமும் மர்மமும் கலந்த ‘காஜர் கீ கோட்டரி’ எனப் பல வகையாக எழுதினார். ‘பூதநாத்’ முடிவதற்கு முன்பே, 1913 ஆகஸ்டு 1ஆம் நாள் மறைந்தார். எஞ்சிய பகுதிகளை அவருடைய மகன் துர்காபிரசாத் எழுதி நிறைவு செய்தார்.

இந்தி இலக்கிய வரலாறு எழுதிய இராமச்சந்திர சுக்லர் இந்நாவல்களை உயர்ந்த இலக்கியமாகக் கொள்ளவில்லை. நிகழ்ச்சி விறுவிறுப்பே அன்றி மாந்தர் இயல்பும் உணர்வும் அவற்றில் இல்லை என்பது அவர் கருத்து. ஆயினும், கத்ரி உண்டாக்கிய அளவு வாசகரை வேறெவரும் உண்டாக்கவில்லை என்பதையும் அவரே நேர்மையாக ஒப்புக்கொண்டார். இவ்விரண்டும் உண்மை என்றே நாம் கருதுகிறோம்.

இனி நம் இல்லங்களைப் பார்ப்போம். நம் பிள்ளைகள் தமிழ் பேசுகிறார்கள், படிப்பதில்லை. ஊரிலுள்ள தாத்தாவுக்குக் கைப்பேசியில் அனுப்பும் தமிழையும் ரோமன் எழுத்திலேயே அனுப்புகிறார்கள். பேச்சு இருக்கிறது, எழுத்து இல்லை. கத்ரியின் வாசகர் நின்ற இடத்திலேயே இவர்களும் நிற்கிறார்கள். நாமோ அரிச்சுவடியை முடித்த கையோடு நீதிநூலைக் கொடுக்கிறோம். பிள்ளை கொட்டாவி விட்டால் தமிழ்ப் பற்று இல்லை என்று கடிந்துகொள்கிறோம். குறை பிள்ளையிடம் இல்லை. பசி வருமுன் இலை போட்ட நம்மிடமே இருக்கிறது.

தமிழிலும் இவ்வழியில் சென்றவர் உண்டு. ஆரணி குப்புசாமி முதலியாரும், வடுவூர் துரைசாமி ஐயங்காரும், ‘ஜகன்மோகினி’ இதழை நடத்திய வை. மு. கோதைநாயகி அம்மாளும் தம் கதைகளால் எத்தனையோ இல்லங்களில் வாசிப்பை நுழைத்தனர். அத்தகைய நூல்களைத் தாழ்வென ஒதுக்காமல் நம் சங்க நூலகத்தில் முன் வரிசையில் வைப்போம். வாரம் ஒரு மாலை பிள்ளைகளைக் கூட்டி ஒரு மர்மக் கதையைப் பெரியவர் ஒருவர் உரக்கப் படிக்கட்டும். கள்வன் யார் என்று தெரியும் இடத்துக்குச் சற்று முன்னே நிறுத்தி, நூலைப் பிள்ளையின் கையில் கொடுத்துவிடட்டும். எஞ்சியதைக் கதையே பார்த்துக்கொள்ளும்.

திருக்குறளும் சிலம்பும் எங்கும் போய்விடவில்லை, அவை காத்திருக்கும். அவற்றை நோக்கி நடக்கக் கால் வேண்டும். அந்தக் காலைத் தருவது கதை.