ஆற அமர

கடந்த மார்கழியில் நண்பர்கள் நால்வர் செண்பகத்தோப்புக்குச் சென்றிருந்தோம். சாம்பல் நிற அணிலைத் தேடி அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்ததுதான் மிச்சம். இருட்டும் வேளையில் திருவில்லிபுத்தூர் திரும்பி ஒரு புரோட்டாக் கடையில் அமர்ந்தோம். சால்னா இரண்டு முறை வந்தது. பேச்சு ஆண்டாளிடம் போயிற்று. ஒன்றரை மணிநேரம் எங்களை எவரும் எழுப்பவில்லை.

திருப்பாவையின் தொடக்கத்தில் நெய்யும் பாலும் விலக்கி நோன்பு ஏற்கும் ஆயர்பாடிப் பெண்கள், 27ஆம் பாசுரத்தில் முழங்கை வழியே நெய் வழியப் பாற்சோறு உண்ண விழைகின்றனர். அங்கே சுவையைவிடக் கூடியிருத்தலே பெரிதாக நிற்கிறது. ஆயினும் கூடுவோர் அனைவரும் ஒரே பாடியினர். விருந்து என்னும் சொல்லோ புதுமையையும் புதியவரையும் குறிப்பது. முன்பின் அறியாதவர் அருகருகே அமர்ந்து உண்ணும் வழக்கம் நமக்கு எப்போது வாய்த்தது?

இருபதாம் நூற்றாண்டின் காப்பி கிளப்புகள் அதற்கு வழி திறந்தன எனலாம். காசு கொடுத்தால் எவரும் உண்ணலாம் என்பது வணிக நியாயம். எனினும் பந்தியில் இருந்த பிரிவினை மேசைக்கும் வந்து சேர்ந்தது. பிராமணருக்கும் பிறருக்கும் தனித்தனி இடம் ஒதுக்கிய இரயில் நிலைய உணவகங்களில் அவ்வேற்பாடு 1941இல்தான் நீங்கியது. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு, கடைகளோடு உணவகங்களையும் பெயர் சுட்டிச் சொல்லி, சாதி காரணமாக எவரையும் தடுத்தலாகாது என விதித்தது. அந்நாளில் சென்னை மாகாண முதலமைச்சராக இருந்தவர், இங்கிருந்து கூப்பிடு தொலைவிலுள்ள இராசபாளையத்துப் பூ.ச.குமாரசுவாமி ராஜா என்பது நினைக்கத்தக்கது.

சட்டம் வந்தும் பலகைகள் இறங்கிவிடவில்லை. திருவல்லிக்கேணி முரளி கபேயின் பெயர்ப்பலகையிலிருந்து 'பிராமணாள்' என்னும் சொல்லை நீக்கக் கோரிப் பெரியார் 1957இல் மறியல் தொடங்கினார். அச்சொல் மறு ஆண்டில்தான் நீங்கியது. சிற்றூர்த் தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை அதன் பின்னும் நெடுங்காலம் நீடித்தது.

'ஆற அமர' உண்பது என்கிறோம். ஆறுவதற்கு முன் அமர இடம் வேண்டுமல்லவா? நின்றுகொண்டே குடித்துவிட்டு அகல வேண்டியவனுக்கு ஓய்வென்ன, உரையாடலென்ன! 'இங்கு அரசியல் பேசாதீர்' என்று கடைச்சுவரில் எழுதிவைக்கும் நிலை வந்ததே, உட்கார இடம் பெற்றவர்கள் எழுந்திருக்க மறுத்ததால்தான். உணவகம் ஒரு பொதுமன்றமாக மாறியதற்கு அந்த வாசகத்தைக் காட்டிலும் நல்ல சான்று வேறில்லை.

அன்று எங்களுடன் வந்த நண்பர் ஒருவரின் பாட்டனார் இவ்வட்டாரத்துக் கடையொன்றின் வாசலில் நின்று சிரட்டையில் தேநீர் குடித்தவர். நண்பர் அதை மனக்கசப்பு ஏதுமின்றி, புரோட்டாவைப் பிய்த்துச் சால்னாவில் ஊறவிட்டபடியே சொன்னார். நாங்கள் சற்று நேரம் பேசவில்லை. பிறகு அவரே இன்னொரு புரோட்டா கொண்டுவரச் சொன்னார்.

அன்றிரவு கடைசியாகக் கை கழுவ எழுந்தவரும் அவர்தாம். நாங்கள் அவசரப்படுத்தவில்லை.