குடம்புளியும் வெற்று மாத்திரையும்

போன வருடம் அம்மா ஒரு டப்பா வாங்கி வந்தார். தெரிந்த அக்கா ஒருவர் விற்றது, உடம்பு இளைக்குமாம். மேலே 'கார்சீனியா கம்போஜியா' என்று போட்டிருந்தது. தேடிப் பார்த்தால், குடம்புளி! நம் வீட்டு மீன் கறியில் போடும் அசாம் கெப்பிங்கும் அதே கார்சீனியா குடும்பத்து மரம்தான்.

"புளிதானேப்பா, என்ன செஞ்சிடப் போவுது?" என்றார் அம்மா. அவர் ஏற்கெனவே சர்க்கரைக்கு மருந்து சாப்பிடுபவர். அதனால் இந்தப் புளி டப்பாவுக்குள் வந்த கதையைத் தேடிப் படித்தேன்.

கேரளத்தில் மீன் குழம்புக்காகப் புகையில் உலர்த்தி வைக்கும் பழத்தோல் இது. அதிலுள்ள முக்கியமான அமிலம் ஹைட்ராக்சி சிட்ரிக் அமிலம் என்று 1965இல் லூயிஸ், நீலகண்டன் இருவரும் கண்டு சொன்னார்கள். மாவுச்சத்தைக் கொழுப்பாக மாற்ற உடம்புக்குத் தேவைப்படும் ஒரு நொதியை அந்த அமிலம் தடுக்கிறது என்பது 1969இல் தெரிந்தது. பிறகு எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். எலிகள் குறைவாகத் தின்றன, எடை ஏறுவதும் குறைந்தது. வியாபாரத்துக்கு இது போதுமே! 1990களில் மாத்திரை கடைக்கு வந்துவிட்டது.

மனிதர்களிடம் முறையாகச் செய்த சோதனை 1998இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியானது. பருமனான 135 பேர், 12 வாரம். ஒரு பிரிவுக்குத் தினம் 1500 மில்லிகிராம் அமிலம், மற்றதுக்கு அதே மாதிரி தெரியும் வெற்று மாத்திரை. யாருக்கு எது என்று யாருக்கும் தெரியாது. எல்லாருக்கும் ஒரே அளவான சாப்பாடு. புளிக்காரர்கள் சராசரியாக 3.2 கிலோ இளைத்தார்கள். வெற்று மாத்திரைக்காரர்கள் 4.1 கிலோ! புள்ளியியல் கணக்கில் இந்த வித்தியாசம் பெரிதில்லை. ஆனால் புளிக்குத் தனிப் பலன் எதுவும் தெரியவில்லை.

நான் இன்ஜினியர். மேசைமேல் சரியாக வேலை செய்த வால்வு, லைனில் மாட்டியதும் கைவிட்டதைப் பார்த்திருக்கிறேன். நொதியைத் தடுத்தது பொய்யில்லை. ஆனால் மனித உடம்பு மாவுச்சத்திலிருந்து கொழுப்பு செய்வதே சாதாரணமாகக் கொஞ்சம்தான். அந்த வழியை அடைத்து என்ன ஆகப்போகிறது?

கறியில் இரண்டு துண்டு போடுவதும், சாற்றைச் செறிவாக்கித் தினமும் விழுங்குவதும் ஒன்றல்ல. இந்த மாத்திரை சாப்பிட்ட சிலருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டதையும் மருத்துவ இதழ்கள் பதிவு செய்திருக்கின்றன.

எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா கேட்டார்: "அப்ப அந்த வெத்து மாத்திரக்காரங்க எப்படி எளைச்சாங்க?"

"சாப்பாட்ட கொறச்சாங்கம்மா."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு டப்பாவை எடுத்து என் கையில் கொடுத்தார்.