ரோஜி: ஜப்பானியத் தேநீர்க் குடிலைச் சூழ்ந்த தோட்டம்

ரோஜி என்பது ஜப்பானில் தேநீர்ச் சடங்கு நடைபெறும் சிறு மரக்குடிலைச் சுற்றி அமைக்கப்படும் தோட்டம். வாயிலிலிருந்து குடிலின் நுழைவு வரை விருந்தினரை அழைத்துச் செல்லும் பாதையே இதன் மையம். குளமும் குன்றும் கொண்ட அரண்மனைத் தோட்டங்களைப் போல இது பார்த்து மகிழ்வதற்கென உருவானதன்று. நடந்து கடப்பதற்கென உருவானது. 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இது தனி வடிவம் பெற்றது.

பெயர்

தொடக்கத்தில் இச்சொல் 'வழி' எனப் பொருள்படும் எழுத்தால் எழுதப்பட்டது. பின்னர் அதே ஒலிப்புடைய 'பனி படிந்த நிலம்' என்னும் எழுத்துகள் வழக்கிற்கு வந்தன. பௌத்த நூலான தாமரை சூத்திரத்தில், தீப்பற்றிய வீட்டிலிருந்து வெளியேறிய குழந்தைகள் அமரும் திறந்தவெளியை இச்சொல் குறிக்கிறது. துன்பம் நிறைந்த உலகை விட்டு வெளியே வரும் இடம் என்ற பொருள் இதனால் தோட்டத்திற்கும் ஏற்பட்டது.

தோற்றம்

தேநீர்ச் சடங்கை எளிமையை நோக்கித் திருப்பியவர்கள் முராத்தா ஜுக்கோ (1423–1502), தக்கெனோ ஜோஓ (1502–1555) ஆகியோர். ஜோஓ வாழ்ந்த சக்காய் வணிகர்கள் செழித்த துறைமுக நகரம். நெருக்கமாக அமைந்த நகர வீடுகளின் பின்புறத்தில் சிறிய தேநீர் அறைகள் கட்டப்பட்டன. வீட்டின் பக்கவாட்டில் இருந்த குறுகிய சந்தே அவற்றிற்குச் செல்லும் வழி. நகரின் நடுவே ஒரு மலைக்குடிலில் இருப்பது போன்ற உணர்வைத் தர வேண்டும் என்பதே அன்றைய நோக்கம். அதற்காக அந்தச் சந்தையே மலைப்பாதை போல மாற்றினர்.

இதற்கு முழு வடிவம் தந்தவராகக் கருதப்படுபவர் ஜோஓவின் மாணவரான சென் நோ ரிக்கியு (1522–1591). ரிக்கியு கட்டியதாகக் கருதப்படும் குடில்களுள் இன்று எஞ்சியிருப்பது கியோத்தோவை அடுத்த யமசாக்கியிலுள்ள தைஆன் மட்டுமே. அதன் தேநீர் அறை இரண்டு தாத்தமிப் பாய்களின் பரப்பே உடையது.

நிலமும் குடிலும்

தேநீர்க் குடில் மெல்லிய மரச்சட்டமும் மண் சுவரும் கொண்டது. ஜப்பானில் மழை மிகுதி. மரத்தூண் மண்ணில் பட்டால் ஈரம் ஏறி அடிப்பகுதி உளுத்துவிடும். எனவே தூண்களைத் தட்டையான கற்களின் மேல் நிறுத்தினர். கூரையின் இறவாரத்தை வெளியே நீட்டி, சுவரில் சாரல் படாமல் காத்தனர். இறவார நீர் சொட்டும் கோட்டில் சரளைக்கல் பரப்பினர். விழும் நீர் மண்ணைத் தெறிக்காமல் கீழே இறங்கியது.

விருந்தினரின் காலில் சேறு படாமலிருக்கவும் பாசி மிதிபடாமலிருக்கவும் மிதிகற்கள் பதிக்கப்பட்டன. அவை ஒரே நேர்க்கோட்டில் அமைவதில்லை. அடுத்த கல்லைப் பார்த்தே கால் வைக்க வேண்டியிருப்பதால் நடை தானாகவே தளர்கிறது; பேச்சும் குறைகிறது. போகக்கூடாத கிளைவழியில் கறுப்புக் கயிறு குறுக்காகக் கட்டிய சிறு கல் ஒன்று வைக்கப்படும். அதுவே வேலி.

வழியில் காத்திருக்கும் இருக்கையும், தோட்டத்தை வெளிப்புறம், உட்புறம் எனப் பிரிக்கும் எளிய நடுவாயிலும் உண்டு. உட்புறத்தில் தாழ்வான கல்தொட்டி இருக்கும். அதன் பெயர் சுக்குபாய். குனிந்து அமர்தல் என்ற வினையிலிருந்து வந்தது. எவராயினும் குனிந்தே கையும் வாயும் கழுவ வேண்டும். கோயில்களில் காணிக்கையாக வைக்கப்பட்ட கல்விளக்குகள், இரவிலும் விடியலிலும் வரும் விருந்தினருக்கு வழிகாட்ட இங்கே இடம்பெற்றன.

மரங்களும் செடிகளும் பெரும்பாலும் பசுமை மாறாதவை. பகட்டான பூக்கள் தவிர்க்கப்பட்டன. குடிலுக்குள் வைக்கப்பட்ட மலரே விருந்தினர் கண்ணில் முதலில் பட வேண்டும் என்பது காரணம்.

பாதையின் முடிவில் இருப்பது நிஜிரிகுச்சி என்னும் சிறு நுழைவு. ஒரு மீட்டருக்கும் குறைவான உயரமுடைய இதில் தவழ்ந்தே நுழைய முடியும். வாளை வெளியே இறவாரத்தின் கீழுள்ள தாங்கியில் வைத்துவிட வேண்டும். போர்கள் ஓயாத காலத்தில் படைத்தலைவரும் வணிகரும் ஒரே தளத்தில் அமர இந்த ஏற்பாடு வழிசெய்தது.

பயனா, அழகா

மிதிகற்களைப் பதிப்பதில் ரிக்கியு நடைக்கு ஆறு பங்கும் தோற்றத்திற்கு நான்கு பங்கும் இடம் தந்தார் என்றும், மாணவர் ஃபுருத்தா ஒரிபே அதைத் தலைகீழாக மாற்றினார் என்றும் தேநீர் மரபு கூறுகிறது. ஒரிபேயின் பெயரால் வழங்கும் கல்விளக்கு அடிபீடமின்றி நேரே மண்ணில் புதைக்கப்படுவது. அவரிடம் பயின்ற கோபோரி என்ஷு (1579–1647) செதுக்கிய நீள்கற்களையும் இயற்கைக் கற்களையும் சேர்த்துப் பயன்படுத்தினார்.

ரிக்கியுவைப் பற்றிய ஒரு மரபுக் கதை இங்கே குறிப்பிடத்தக்கது. அப்பழுக்கின்றிப் பெருக்கப்பட்ட தோட்டத்தில் அவர் ஒரு மரத்தை உலுக்கிச் சில இலைகளை உதிரவிட்டாராம். தூய்மை வேண்டும், ஆனால் மனிதக் கை தெரியக்கூடாது என்பது இதன் கருத்து.

எளிமையைப் போற்றிய இக்கலை அதிகாரத்தின் நிழலிலேயே வளர்ந்தது. ரிக்கியு ஆட்சியாளர் தொயொத்தொமி ஹிதெயோஷியின் தேநீர் ஆசானாக இருந்தார். 1591இல் அவரது ஆணையால் தற்கொலை செய்துகொண்டார். ஒரிபேயும் 1615இல், தொக்குகாவா ஆட்சியில் அதே முடிவைச் சந்தித்தார். எனினும் ரிக்கியுவின் வழிவந்த மூன்று சென் குடும்பங்கள் கியோத்தோவில் தேநீர் மரபையும் தோட்டங்களையும் தொடர்ந்து பேணின.

கடல் கடந்த தோட்டம்

1894இல் சான் பிரான்சிஸ்கோ கண்காட்சிக்காக அமைந்த ஜப்பானியத் தேநீர்த் தோட்டம் இன்றும் உள்ளது. கண்காட்சிக்குப் பின் அதை வளர்த்தவர் மக்கோத்தோ ஹகிவாரா. இரண்டாம் உலகப் போரின்போது, 1942இல், ஜப்பானிய வம்சாவளியினரைத் தடுப்பு முகாம்களுக்கு அனுப்பிய ஆணையால் ஹகிவாரா குடும்பம் அங்கிருந்து வெளியேற்றப்பட்டது. தோட்டத்தின் பெயரிலிருந்து 'ஜப்பானிய' என்ற சொல்லும் நீக்கப்பட்டு, 1952இல் மீண்டும் சேர்க்கப்பட்டது.

பராமரிப்பு

விருந்தினர் வருமுன்னும், இடைவேளையிலும், அவர்கள் விடைபெறுமுன்னும் என மூன்று முறை ரோஜியில் நீர் தெளிப்பது மரபு. நீர் பட்ட கல்லும் பாசியும் புதிதாய்ப் பனி படிந்தது போல் தோன்றும். பெயருக்கேற்ற அந்தத் தோற்றம் ஒவ்வொரு கூடலுக்கும் புதிதாக உண்டாக்கப்படுகிறது.