எதிரணி ரசிகருக்கு இடமில்லை: சென்னை மைதானமும் திருச்சி சாலையும்

2025 நவம்பர் 6-ஆம் தேதி, இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் ஆஸ்டன் வில்லாவும் இஸ்ரேலின் மக்காபி டெல் அவிவ் அணியும் கால்பந்து ஆடின. மக்காபி ரசிகர்கள் ஒருவரும் வரக்கூடாது என்று முன்கூட்டியே முடிவு செய்துவிட்டார்கள். காஸா போரால் ஊரில் பதற்றம் இருந்தது. போதாததற்கு 2024 நவம்பரில் ஆம்ஸ்டர்டாமில் இதே அணியின் ஆட்டத்தை ஒட்டி அடிதடி நடந்திருந்தது. போலீஸ் "ஆபத்து அதிகம்" என்று எழுதிக் கொடுத்தது. உள்ளூர் பாதுகாப்பு ஆலோசனைக் குழு அதை ஏற்றுக்கொண்டது.

பிறகு தோண்டிப் பார்த்தபோது, போலீஸ் காட்டிய ஆதாரங்களில் மக்காபிக்கும் வெஸ்ட் ஹாமுக்கும் நடந்ததாக ஒரு ஆட்டம் இருந்தது. அப்படி ஒரு ஆட்டம் நடக்கவே இல்லை. ஏஐ கருவி ஒன்று கற்பனையாகச் சொன்னதை அப்படியே அறிக்கையில் சேர்த்திருக்கிறார்கள். சாஃப்ட்வேர் வேலை பார்ப்பவன் என்பதால் முதலில் எனக்கு அந்தக் கருவிதான் கண்ணில் பட்டது. யோசிச்சுப் பார்த்தால் அதைவிட முக்கியமான கேள்வி வேறு. "பாதுகாப்பு தர முடியாது, அதனால் வராதே" என்று ஒரு அரசு சொல்லும்போது, அதில் "முடியாது" எவ்வளவு, "விருப்பமில்லை" எவ்வளவு?

இந்தக் கேள்விக்கு பர்மிங்காம் வரை போக வேண்டியதில்லை. தமிழ்நாட்டிலேயே பாடம் இருக்கிறது. அதில் ஒரு பகுதி நான் குடியிருக்கும் மன்னார்புரத்துக்குப் பக்கத்திலேயே நடந்தது.

ஒரு நட்பு ஆட்டம்

2012 ஆகஸ்ட் கடைசி. கொழும்பு ராயல் கல்லூரியின் கால்பந்து அணி சென்னை வந்து, நேரு ஸ்டேடியத்தில் சுங்கத்துறை அணியோடு ஒரு நட்பு ஆட்டம் ஆடியது. ஆடியவர்கள் பள்ளிப் பையன்கள். ஆட்டமும் அமைதியாக முடிந்தது.

ஆனால் அந்த மாதம் முழுக்க தமிழ்நாட்டில் வேறொரு விஷயம் கொதித்துக்கொண்டிருந்தது. இலங்கை ராணுவத்தினருக்கு வெலிங்டனில் பயிற்சி கொடுப்பதை எல்லாக் கட்சிகளும் எதிர்த்து வந்தன. 2009-இல் முள்ளிவாய்க்காலில் நடந்தது யாருக்கும் ஆறவில்லை. அந்தக் கோபம் நியாயமானது, இன்றும் நியாயமானதுதான். இந்தச் சூழலில் செப்டம்பர் தொடக்கத்தில் முதல்வர் ஜெயலலிதா, ஆட்டத்துக்கு அனுமதி கொடுத்த ஸ்டேடிய அதிகாரியை சஸ்பெண்ட் செய்தார். இரத்தினபுரியில் இருந்து விளையாட வந்திருந்த இன்னொரு பள்ளி அணியையும் திருப்பி அனுப்பச் சொன்னார். அவர் சொன்ன காரணம் பாதுகாப்பு அல்ல. தமிழர் உணர்வைப் புண்படுத்திவிட்டார்கள் என்பதே காரணம்.

அதாவது இது "விருப்பமில்லை" வகை. அதை வெளிப்படையாகவே சொன்னார்கள். ஒரு விதத்தில் பர்மிங்காமைவிட நேர்மையானது. ஆனால் வேலை போனது ஒரு அதிகாரிக்கு, பெட்டியைக் கட்டியது பள்ளிக்கூடப் பிள்ளைகள். ராஜபக்சே அரசுக்கு இதில் ஒரு நஷ்டமும் இல்லை.

திருச்சி சாலை

அதே நாட்களில் இலங்கையில் இருந்து ஏறத்தாழ 180 கத்தோலிக்க யாத்ரீகர்கள் தஞ்சை மாவட்டத்துக்கு வந்திருந்தார்கள். வேளாங்கண்ணித் திருவிழா சமயம். செப்டம்பர் 3 அன்று பூண்டி மாதா கோயிலில் அவர்கள் தங்கியிருந்த இடத்தை முற்றுகையிட்டுப் போராட்டம் நடந்தது. மறுநாள் போலீஸ் பாதுகாப்போடு பஸ்களில் ஏற்றி திருச்சி விமான நிலையத்துக்கு அனுப்பினார்கள். வழியில் பஸ்கள் மேல் கல் விழுந்தது, கண்ணாடிகள் உடைந்தன. கொழும்பில் இருந்து சிறப்பு விமானம் வந்து அழைத்துப்போனது. தமிழ்நாட்டுக்குப் போகாதீர்கள் என்று இலங்கை அரசு தன் மக்களுக்கு அறிவுரை விட்டது.

ஊர் தெரியாதவர்களுக்கு ஒரு வரி. தஞ்சாவூர் ரோட்டில் வந்தால் துவாக்குடி, திருவெறும்பூர் தாண்டி ஊருக்குள் நுழைந்து, டிவிஎஸ் டோல்கேட் பக்கம் புதுக்கோட்டை ரோட்டில் திரும்பினால் ஏர்போர்ட். மன்னார்புரம் அந்தத் திருப்பத்தை ஒட்டி இருக்கிறது. ஏர்போர்ட்டுக்குக் கொஞ்சம் முன்னால் கொட்டப்பட்டு. அங்கே இலங்கைத் தமிழர் அகதி முகாம் இருக்கிறது. இலங்கையில் அடிபட்டு வந்தவர்களுக்கு இடம் கொடுத்த அதே சாலையில், இலங்கையில் இருந்து மாதாவைக் கும்பிட வந்தவர்கள் மேல் கல் விழுந்திருக்கிறது.

அதிகாரியை சஸ்பெண்ட் செய்ததால்தான் கல் விழுந்தது என்று நான் சொல்ல வரவில்லை. போராட்டம் அதற்கு முன்பே சூடாக இருந்தது. ஆனால் கால்பந்து ஆடியதே குற்றம் என்று அரசே அறிவித்த வாரத்தில், "இவர்கள் விருந்தாளிகள், தொடாதே" என்று சொல்ல வேண்டிய போலீஸின் குரலுக்கு எவ்வளவு பலம் இருந்திருக்கும்?

ஐபிஎல் 2013

ஆறு மாதம் கழித்து கோபம் இன்னும் பெரிதானது. பிரபாகரனின் மகன் பாலச்சந்திரனின் படங்கள் வெளியாகின. சென்னை லயோலா கல்லூரி மாணவர்கள் தொடங்கிய உண்ணாவிரதம் திருச்சி உட்பட மாநிலம் முழுக்கப் பரவியது. மார்ச் 19-ஆம் தேதி திமுக மத்திய அரசுக்குக் கொடுத்த ஆதரவை விலக்கிக்கொண்டது. தஞ்சைப் பெரிய கோயிலிலும் சென்னை சென்ட்ரலிலும் புத்த பிக்குகள் தாக்கப்பட்டார்கள்.

மார்ச் 26-ஆம் தேதி ஜெயலலிதா பிரதமருக்குக் கடிதம் எழுதினார். இலங்கை வீரர்கள், நடுவர்கள், அணி ஊழியர்கள் யாரும் இல்லை என்று உறுதி கொடுத்தால்தான் சென்னையில் ஐபிஎல் நடக்கலாம். அன்றைக்கே ஐபிஎல் நிர்வாகம் ஒத்துக்கொண்டது. இந்த முறை உணர்வு, பாதுகாப்பு இரண்டும் ஒரே கடிதத்தில் கலந்துவிட்டன. எது எவ்வளவு என்று பிரிக்கவே முடியாது.

யார் யாரெல்லாம் மாட்டினார்கள் பாருங்கள். சென்னை அணியிலேயே இருந்த குலசேகராவும் அகில தனஞ்சயாவும் சொந்த மைதானத்தில் ஆட முடியாது. ஹைதராபாத் கேப்டன் சங்கக்காரா சேப்பாக்கத்துக்கு வர முடியாது. எல்லாவற்றுக்கும் மேல் முத்தையா முரளிதரன். கண்டித் தமிழர், சென்னை மாப்பிள்ளை, 2008 முதல் 2010 வரை சென்னைக்கே ஆடியவர். பெங்களூர் அணிக்காகக்கூட அவர் சென்னையில் பந்து போட முடியவில்லை. பாஸ்போர்ட்டைப் பார்த்து விதி எழுதினால் இப்படித்தான் ஆகும். அவருடைய அரசியல் பேச்சுகள் நமக்குப் பிடிக்காமல் இருக்கலாம், அது வேறு விவாதம். அந்த விதி அதையெல்லாம் பார்க்கவில்லை. கடைசியில் சென்னையில் நடக்க வேண்டிய இரண்டு பிளேஆஃப் ஆட்டங்களும் டெல்லிக்குப் போயின.

தற்காலிகம் என்ற பொய்

அதே 2013-இல் உலகத்தின் மறுகோடியில் அர்ஜென்டினாவும் எதிரணி ரசிகர்களுக்குத் தடை போட்டது. ஜூன் மாதம் லா பிளாட்டா நகரில் ஆட்டம் பார்க்க வந்த வெளியூர் ரசிகர் ஒருவர் செத்துப்போனதுதான் காரணம். அங்கே பயம் நிஜமானது, உயிர் போயிருந்தது. ஆனால் அவசரத்துக்குப் போட்ட தடை பத்து வருஷத்துக்கு மேல் நின்றது. 2025-இலும் சோதனை முறையில் சில ஆட்டங்களுக்குத்தான் கதவு திறந்தது. சாஃப்ட்வேரில் இதை தினமும் பார்க்கிறோம். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு "இப்போதைக்கு" என்று போட்ட ஒரு வரியை அப்புறம் எடுக்க யாருக்கும் தைரியம் வராது.

தடையால் கேலரி அமைதியானதா? 2017 ஏப்ரலில் கோர்டோபா நகரில் பெல்கிரானோ - டாலரெஸ் ஆட்டம். உள்ளூர் அணியான பெல்கிரானோ ரசிகர்களுக்கு மட்டுமே அனுமதி. ஒரு 22 வயது பையனை "இவன் எதிரணி ஆள்" என்று யாரோ கை காட்ட, கூட்டம் அவனை அடித்து கேலரியில் இருந்து கீழே தள்ளியது. செத்துப்போன அவனும் பெல்கிரானோ ரசிகன்தான். எதிரியே வரக்கூடாத இடத்திலும் கூட்டம் ஒரு எதிரியைக் கண்டுபிடித்துக்கொண்டது.

நமக்கும் இது வேறு விதமாகத் திரும்பி வந்தது. 2018 ஏப்ரல் 10, காவிரிப் போராட்டத்துக்கு நடுவே சேப்பாக்கத்தில் ஆட்டம். ஆயிரக்கணக்கில் போலீஸ் நின்றும் மைதானத்துக்குள் செருப்பு பறந்தது. மீதி ஆறு ஆட்டங்களும் புனேவுக்குப் போயின. சென்னை ரசிகர்கள் தனி ரயில் பிடித்து புனே போய் சொந்த அணியைப் பார்த்தார்கள். ஐந்து வருஷம் முன்னால் அடுத்தவர்களுக்கு மூடிய கேட், இப்போது நமக்கே மூடியது.

சேப்பாக்கத்தின் இன்னொரு நினைவு

வேறு வழியே இல்லையா என்றால், இருந்தது. 1999 ஜனவரியில் பாகிஸ்தான் அணி வரக்கூடாது என்று சிவசேனா மிரட்டியது. டெல்லி கோட்லா மைதானத்தின் பிட்ச்சையே தோண்டிப் போட்டார்கள். அப்படியும் சென்னையில் பலத்த காவலோடு ஜனவரி 28 முதல் 31 வரை டெஸ்ட் நடந்தது. டெண்டுல்கர் 136 அடித்தும் இந்தியா 12 ரன்னில் தோற்றது. தோற்ற ஊரின் கூட்டம் எழுந்து நின்று கைதட்ட, பாகிஸ்தான் அணி மைதானத்தைச் சுற்றி வந்தது. சில மாதங்களில் கார்கில் போர் வந்தது. அதனால் அந்தக் கைதட்டல் தப்பாகிவிடவில்லை.

தடையே கூடாது என்று நான் சொல்லவில்லை. உயிருக்கு ஆபத்து என்றால் ஒரு ஆட்டம் நிற்கட்டும். ஆனால் அப்படி ஒரு உத்தரவு வரும்போது மூன்று விஷயங்களைக் கேட்கலாம். ஆதாரத்தை யார் சரிபார்த்தது? எந்தத் தேதியில் இது முடியும்? கல் எறிபவனைப் பிடிக்க என்ன செய்தீர்கள்? மூன்றாவதற்குப் பதில் இல்லையென்றால், கல் எறிபவன் கேட்டதை அரசே செய்து கொடுக்கிறது என்றுதான் அர்த்தம்.

இலங்கை அரசின் மேல் இருந்த கோபத்தைக் காட்ட தெரு இருந்தது, சட்டமன்றம் இருந்தது, ஓட்டு இருந்தது. 2013 மாணவர்கள் பட்டினி கிடந்து அதைக் காட்டினார்கள். டெல்லியும் அதைக் கவனித்தது. இரத்தினபுரிப் பள்ளிப் பையன்களைத் திருப்பி அனுப்பியதில் ஈழத்தில் ஒரு ஏக்கர் நிலம்கூட யாருக்கும் திரும்பக் கிடைக்கவில்லை.