டெர்மினல் நிறங்கள்: பெயரால் வந்த குழப்பம்

புனேயின் ஹடப்சர் பகுதியில் இருக்கும் மகர்பட்டா சிட்டி, விவசாயக் குடும்பங்கள் தங்கள் நிலத்தை விற்றுவிட்டுப் போகாமல், ஏறத்தாழ 400 ஏக்கரை ஒன்றாகச் சேர்த்துப் பங்குதாரர்களாகி எழுப்பிய நகரியம். அதன் சைபர்சிட்டி வளாகத்தில்தான் ரெட் ஹாட் நிறுவனத்தின் புனே அலுவலகம் அமைந்தது. தமிழ் உள்ளிட்ட இந்திய எழுத்துகளை லினக்ஸ் திரையில் காட்டும் லோஹித் எழுத்துருக்களை 2004இல் வெளியிட்ட நிறுவனம் அது. அதன் ஆதரவில் வளரும் ஃபெடோரா லினக்ஸின் ஆர்வலர் மாநாடு 2011இலும் 2015இலும் புனேயில் நடந்தது. இவ்விரண்டுக்கும் நடுவே, 2013 ஜனவரியில் வெளியான ஃபெடோரா 18, அதிகம் பேர் கவனிக்காத ஒரு மாற்றத்தோடு வந்தது: இனி டெர்மினலில் இயல்பாகவே 256 நிறங்கள்.

அதற்கு முன்பும் அந்தத் திரைக்கு 256 நிறங்கள் தெரியும். க்னோம் டெர்மினல் பல ஆண்டுகளாகவே அவற்றைக் காட்டக்கூடியது. ஆனால் அது தன் பெயரை, பழைய டெர்மினல் நிரல் ஒன்றின் பெயரால், வெறும் ‘எக்ஸ்டெர்ம்’ என்று சொல்லிக்கொண்டது. டெர்மினல்களின் திறன்களைச் சொல்லும் அட்டவணையில் அந்தப் பெயருக்கு எதிரே எழுதியிருந்தது 8 நிறங்கள். விம் போன்ற நிரல்கள் அட்டவணையை நம்பின, திரையை அல்ல. டெர்மினலில் நிறம் சரியாக வரவில்லை என்று இன்று எழும் புகார்கள் பலவற்றின் வேர் இங்கேதான் இருக்கிறது.

இந்த ஏற்பாட்டுக்கு ஒரு காலத்தில் நியாயம் இருந்தது. 1970களில் ஒவ்வொரு நிறுவனத்தின் முனையமும் ஒவ்வொரு கட்டளை பேசியது; ஒன்றில் திரையைத் துடைக்கும் குறியீடு இன்னொன்றில் குப்பை எழுத்தாக விழும். பெர்க்லி பல்கலைக்கழகத்தில் விஐ எடிட்டரை எழுதிய பில் ஜாய், 1978 வாக்கில் டெர்ம்கேப் என்ற கோப்பை உருவாக்கினார். முனையத்தின் பெயரைச் சொன்னால் அதன் திறன்களைச் சொல்லும் பட்டியல் அது. பின்னர் சிஸ்டம் ஃபைவ் யூனிக்ஸில் டெர்மின்ஃபோ அதன் இடத்தைப் பிடித்தது. இரண்டிலும் நிரல் முனையத்திடம் நேரே கேட்பதில்லை. ‘டெர்ம்’ என்ற சூழல் மாறியில் இருக்கும் பெயரைப் பார்த்துப் பட்டியலைப் புரட்டுகிறது. பெயர் பொய்யானால் எல்லாம் பொய்.

1978இல் வந்த டெக் நிறுவனத்தின் விடி100க்கு நிறமே கிடையாது. தடிமன், அடிக்கோடு, சிமிட்டல், தலைகீழ் ஒளி ஆகியவற்றோடு சரி. நிறத்துக்கு எண் கொடுத்தது ஈசிஎம்ஏ-48 தரம்: எஸ்கேப் எழுத்து, ஒரு சதுர அடைப்பு, பிறகு எண், முடிவில் ‘எம்’. 31 என்றால் சிவப்பு, 34 என்றால் நீலம். எந்தச் சிவப்பு, எந்த நீலம் என்று தரம் சொல்லவில்லை. திரைக்குத் திரை நிறம் வேறுபட்டது: ஐபிஎம்மின் சிஜிஏ திரையில் அடர்மஞ்சள் பழுப்பானது. விண்டோஸ் கன்சோலில் கறுப்புப் பின்னணியில் அடர்நீல எழுத்தைக் கண் இடுக்கிப் படித்தவர்கள் பலர். 2017இல்தான் மைக்ரோசாஃப்ட் அந்த நீலத்தை வெளிறச் செய்தது. ஆகவே நீலம் படிக்க முடியவில்லை என்பது பெரும்பாலும் நிரலின் பிழையன்று. டெர்மினலின் வண்ணத் தொகுப்பை மாற்றினால் தீரும்.

எழுத்தோட்டத்துக்குள்ளேயே கட்டளையைச் செருகும் இந்த உத்தி புனேக்கும் புதிதல்ல. 1988இல் இங்கே தொடங்கிய சி-டாக், ஐஐடி கான்பூரில் பிறந்த ஜிஸ்ட் தொழில்நுட்பத்தை வளர்த்து, இந்திய எழுத்துகளைக் காட்டும் முனையங்களை உருவாக்கியது. இந்திய எழுத்துகளுக்கான 1991இன் இஸ்கி தரத்தில் பதினாறடிமான ‘ஈஎஃப்’ என்ற பைட்டுக்கு இந்தப் பணிதான். அதன் பின்னால் வரும் பைட் தடிமனைத் தொடங்கும், அல்லது எழுத்து முறையையே மாற்றும்; தமிழுக்கு 44.

256 நிறங்கள் எக்ஸ்டெர்மில் 1999இல் நுழைந்தன. பழைய 16, ஆறுக்கு ஆறுக்கு ஆறாக 216, சாம்பல் படிகள் 24. பின்னால் வந்த டெர்மினல்கள் பலவும் எக்ஸ்டெர்மின் பெயரையே இரவல் வாங்கிக்கொண்டன, அதன் குணங்கள் எல்லாம் தங்களிடம் இல்லாவிட்டாலும். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் தனித்தனி எண் தரும் முழுநிறமுறை வந்தபோது குழப்பம் கூடியது. எண்களைப் பிரிக்கத் தரம் கேட்டது முக்காற்புள்ளி. கான்சோல் என்ற லினக்ஸ் டெர்மினல் எழுதியது அரைப்புள்ளி. தவறான வடிவமே நிலைத்துவிட்டது.

முழுநிறத்தை அறிவிக்க ‘கலர்டெர்ம்’ என்ற தனி மாறி புழக்கத்துக்கு வந்தது. சிக்கல் எஸ்எஸ்எச்சில். அது டெர்ம் மாறியைத் தொலைதூர சர்வருக்குக் கொண்டுபோகும்; கலர்டெர்மைப் பொதுவாகத் தானாகக் கொண்டுபோகாது. மகர்பட்டா மேசையில் பளிச்சென்று தெரிந்த எடிட்டர், அமெரிக்க சர்வருக்குள் நுழைந்ததும் வெளிறிப்போவதற்கு இதுவே போதும். ஃபெடோராவின் ‘256டெர்ம்’ என்ற சிறு ஷெல் நிரல் இதை உணர்ந்தே எழுதப்பட்டது: கலர்டெர்ம் போன்ற மாறிகள் இருந்தால் டெர்மினல் இதே இயந்திரத்தில் ஓடுகிறது என்று கொள்ளும், தொலைவிலிருந்து வருபவருக்கும் 256 வேண்டுமானால் அவரே ஒரு மாறியை வைத்துக் கேட்க வேண்டும். நிதானமான முடிவு அது.

ஒரே டெர்மினலுக்குள் பல ஷெல்களை நடத்தும் டிமக்ஸ் நடுவில் வந்தால் இன்னொரு சுவர். அதற்குள் ஓடும் நிரலுக்கு டெர்மினல் என்பது டிமக்ஸ்தான், வெளியே இருப்பதல்ல. அதற்குரிய ‘டிமக்ஸ்-256கலர்’ என்ற பெயரோ, டெர்மின்ஃபோ பட்டியலைத் தரும் என்கர்சஸ் நூலகத்தின் 5.9 பதிப்பு உள்ள சென்ட்ஓஎஸ் 7 சர்வர்களில் கிடையாது. காலிபர் மின்னூல் மென்பொருளை எழுதிய கோவித் கோயலின் கிட்டி டெர்மினலிலிருந்து பழைய சர்வருக்குப் போனாலும் ‘அறியாத முனைய வகை’ என்ற பதில் வரும்.

தமிழில் வேலை செய்பவருக்குக் கூடுதலாக ஒரு தொல்லை. ‘கொடி’ என்ற சொல் உள்ள கோப்பில் ‘க’வை நிறத்தோடு தேடச் சொன்னால், கிரெப் என்ற தேடல் நிரல் மெய்க்கும் உயிர்க்குறிக்கும் இடையே எஸ்கேப் வரிசையை நுழைத்துவிடும். ‘கொ’ ஓரெழுத்து என்பது அதற்குத் தெரியாது. சில டெர்மினல்களில் எழுத்தே உடைந்து நிற்கும்.

நிறம் போனால் பலரும் முதலில் செய்வது, ஷெல் தொடக்கக் கோப்பில் டெர்ம் மாறியைக் கட்டாயமாக எழுதி வைப்பது. அதுதான் இருப்பதிலேயே மோசமான வழி. ஒரு திரைக்குச் சரியாகி அடுத்த மூன்றில் கெடும். டெர்மினல், எஸ்எஸ்எச், டிமக்ஸ் என ஒவ்வொரு அடுக்கிலும் டெர்மின் மதிப்பையும் ‘டிபுட் கலர்ஸ்’ என்ற கட்டளை தரும் எண்ணையும் பாருங்கள். எண் எங்கே 256இலிருந்து 8ஆகக் குறைகிறதோ பழுது அங்கே. பெயர் சரியாக இருந்தும் சர்வர் அறியாது என்றால், ஃபெடோரா வகை இயந்திரங்களில் முதலில் என்கர்சஸ்-டெர்ம் தொகுப்பை நிறுவிப் பாருங்கள். அதிலும் இல்லாத புதிய பெயரென்றால், உங்கள் கணினியில் உள்ள டெர்மின்ஃபோ பதிவைச் சர்வரில் உங்கள் ஹோம் அடைவுக்கு நகலெடுத்தால் போதும். அதற்கு நிர்வாகியின் அனுமதி தேவையில்லை.