அமராவதி மணலில் வெள்ளிக் காசுகள்

மணப்பாறைக்கு மேற்கே, கரூரைத் தழுவி ஓடும் அமராவதியே சங்க நூல்கள் கூறும் ஆன்பொருநை. அதன் மணலை அரித்தவர் கைகளில் உரோமானியக் காசுகளும், மன்னனின் தலையுருவோடு ‘மாக்கோதை’ எனத் தமிழ்ப் பிராமியில் பெயர் பொறித்த சேரர் வெள்ளிக் காசும் கிட்டின. நாணயவியல் அறிஞர் இரா. கிருஷ்ணமூர்த்தி இவற்றை ஆராய்ந்து வெளியிட்டார். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இருந்தும், காசைக் கண்டெடுப்போர் பலர் முதலில் நாடுவது ஆட்சியரையன்று, வெள்ளி வணிகரையே. உருகிப்போன பெயர்கள் எத்தனையோ!

நமக்கோ இக்காசுகளில் தனி ஈடுபாடு உண்டு. கரூரை அடுத்த புகழூர் ஆறுநாட்டார்மலையில், சேரர் மரபின் இளங்கடுங்கோ இளவரசுப் பட்டம் பெற்றபோது, யாற்றூர்ச் செங்காயபன் என்னும் முதிய சமணத் துறவிக்குப் பாறையைக் குடைந்தளித்தான். கோ ஆதன் செல்லிரும்பொறை, பெருங்கடுங்கோ, இளங்கடுங்கோ என மூன்று தலைமுறையை அக்கல்வெட்டு உரைக்கிறது. வெள்ளியில் தம் முகம் பொறித்த குலத்தார், காசைத் தீண்டாத முனிவருக்கு ஈந்தது கற்படுக்கை. இன்று மலையுச்சியில் முருகன் கோயில். அதன் சரிவில் அப்படுக்கைகள் இன்னும் உள்ளன.