பச்சைச் சுவரும் பாடாணமும்

இயற்கையினின்றும் விலகி வாழ நேர்ந்த மனிதன், அவ்வியற்கையின் சாயலைத் தன் மனைக்குள்ளே கொண்டுவர முயல்வது பழைய வழக்கமாகும். உரோமப் பேரரசன் அகத்தசின் மனைவி இலிவியாவின் மாளிகையில், கி.மு. முதலாம் நூற்றாண்டிலே, ஓர் அறையின் நான்கு சுவர்களிலும் மரங்களும் மலர்களும் பறவைகளும் நிறைந்த சோலையொன்று தீட்டப்பட்டது. எனினும், அஃது அரச மனை. சாதாரண குடும்பத்தின் சுவர்களும் பச்சை நிறம் பெற்றது பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயாம். அப்பசுமைக்கு ஐரோப்பா கொடுத்த விலையோ பெரிது.

இங்கிலாந்திலே கைத்தொழிற் புரட்சி மக்களை வயல்வெளிகளினின்றும் புகைசூழ்ந்த நகரங்களுக்கு ஈர்த்தது. சுவர்த்தாளின்மீது 1712ஆம் ஆண்டில் விதிக்கப்பட்ட வரி 1836இல் நீக்கப்பட்டது. உருளைப் பொறிகளால் நீண்ட தாளில் அச்சிடும் முறையும் பரவியது. முன்னர்ச் செல்வர்க்கே உரியதாயிருந்த சுவர்த்தாள் தொழிலாளர் குடிலையும் எட்டியது. இலையும் கொடியும் படர்ந்த தாளுக்கு விருப்பம் மிகுந்தது.

அதற்கேற்ற சாயமும் ஆயத்தமாயிருந்தது. சுவீடன் நாட்டு இரசாயன அறிஞர் ஷேலே, 1775இல், செம்பையும் ஆசனிக்கு எனும் பாடாணத்தையும் சேர்த்துப் புதியதொரு பச்சையை ஆக்கினார். 1814இல் ஜேர்மனியின் சுவைன்பேட் நகரில் அதனினும் ஒளிமிக்க மரகதப் பச்சை உற்பத்தியாயிற்று. மலிவும் அழகும் ஒருங்கே வாய்ந்தமையால் அந்நிறம் சுவர்த்தாளில் மட்டுமன்றி ஆடையிலும் செயற்கைப் பூவிலும் இடம்பெற்றது.

எச்சரிக்கை பிந்தி வரவில்லை. 1839ஆம் ஆண்டிலேயே ஜேர்மானிய அறிஞர் லியோப்போல்ட் கிமலின், ஈரமான அறைகளில் பச்சைத் தாளினின்றும் தீநாற்றம் எழுவதைக் குறிப்பிட்டு, அத்தகைய தாளை நீக்குமாறு மக்களுக்கு அறிவுறுத்தினார். 1862இல் இலண்டனின் லைம்கவுஸ் பகுதியிலே ஒரு குடும்பத்துக் குழந்தைகள் நால்வர் அடுத்தடுத்து இறந்தபோது, படுக்கையறையின் பச்சைத் தாள்மீது வைத்தியரின் ஐயம் சென்றது.

ஆயினும் உண்மையை நிலைநாட்டுதல் எளிதாயிருக்கவில்லை. அந்நஞ்சின் குறிகள் தொண்டை அடைப்பான் முதலிய பிற நோய்களின் குறிகளை ஒத்திருந்தன. ஒரே வீட்டில் ஒருவர் நோயுற, மற்றவர் நலமாயிருந்தனர். அதே தாளை ஒட்டிய அயல்வீட்டாருக்கு ஒரு தீங்கும் நேரவில்லை. உற்பத்தியாளருக்கு இவ்வையமே அரணாயிற்று.

இவ்வகையில் வில்லியம் மொறிஸ் என்பாரின் வரலாறு சிந்திக்கத்தக்கது. அவர் கவிஞர், கைவினையின் காவலர், பிற்காலத்தில் தொழிலாளரின் உரிமைக்காகக் குரல்கொடுத்தவர். இலையும் மலரும் நிறைந்த அவருடைய சுவர்த்தாள்கள் இன்றும் விரும்பி வாங்கப்படுகின்றன. அவருடைய குடும்பச் செல்வமோ டெவன் மாவட்டத்துச் சுரங்கக் கம்பனியொன்றின் பங்குகளிலிருந்து வந்தது. செம்புக்காகத் தொடங்கிய அச்சுரங்கம் பின்னர் உலகின் மிகப் பெரிய ஆசனிக்கு உற்பத்தித் தலங்களுள் ஒன்றாயிற்று. மொறிஸ் 1871 முதல் 1875 வரை அதன் பணிப்பாளராயுமிருந்தார். அவருடைய பழைய தாளொன்றின் பச்சையில் ஆசனிக்கு உண்டென்பதை 2003இல் வெளியான ஆய்வு காட்டிற்று. மொறிசோ 1885இலும் வைத்தியர்களின் அச்சத்தை வெறும் மருட்சியென்றே கருதினார். நல்லோருங்கூடத் தம் தொழிலின் தீமையைக் காண மறுத்தல் உண்டு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் கெட்சி என்னும் இரசாயனப் பேராசிரியர் வேறொரு வழியை மேற்கொண்டார். 1874இல் அவர் நச்சுத் தாள்களின் மாதிரிகளையே நூலாகக் கட்டி, 100 பிரதிகளை அம்மாநில நூலகங்களுக்கு அனுப்பினார். அந்நூலே நஞ்சாயிருந்தமையால் பெரும்பாலான பிரதிகள் பின்னர் அழிக்கப்பட்டன.

பிரித்தானியப் பாராளுமன்றம் இத்தாளைத் தடைசெய்யும் சட்டமெதனையும் இயற்றவில்லை. தடுத்தவர்கள் கொள்வனவாளரே. வைத்தியர்களின் கட்டுரைகளையும் பத்திரிகைச் செய்திகளையும் வாசித்த இல்லத்தரசர்கள் பச்சைத் தாளை வாங்கத் தயங்கினர். வணிகரும் ஆசனிக்கு அற்ற தாள் என்று விளம்பரஞ் செய்யத் தொடங்கினர். நூற்றாண்டின் இறுதிக்குள் அச்சாயம் சுவர்களை விட்டு நீங்கலாயிற்று.

நஞ்சு எவ்வாறு உடலிற் புகுந்தது? 1890களில் இத்தாலிய அறிஞர் கோசியோ, ஈரத்தாளில் வளரும் பூஞ்சணம் ஆசனிக்கை வாயுவாக மாற்றுவதைக் கண்டார். 1930களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் சலஞ்சர் அவ்வாயு இன்னதென நிறுவினார். அவ்வாயுவினும் தாளினின்று உதிர்ந்த தூசியே மிகுந்த தீங்கு விளைத்திருக்கலாம் என்பது அண்மைக்கால ஆய்வாளர் சிலரின் கருத்தாகும்.

ஆகவே, முழு விளக்கம் கிடைப்பதற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே எச்சரிக்கை கிடைத்திருந்தது. காரணம் முற்றாகத் தெளியும்வரை காத்திருப்போம் என்றவர்கள் வணிகர்கள். காத்திருக்க இயலாதவர்கள் அவ்வறைகளில் உறங்கிய குழந்தைகள்.